இணையவழி வகுப்பறை மேலாண்மை: வானொலிப் பள்ளி முதல் இல்லம் தேடிக் கல்வி வரை

இணையவழி வகுப்பறை என்பது ஆசிரியரும் மாணவரும் வெவ்வேறு இடங்களில் இருந்தபடி கணினி, திறன்பேசி போன்ற கருவிகளால் இணைந்து கற்கும் ஏற்பாடாகும். அந்த வகுப்பை ஒழுங்காக நடத்த ஆசிரியர் கையாளும் கருவிகளும் உத்திகளும் இணையவழி வகுப்பறை மேலாண்மை எனப்படுகின்றன. 2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்றுக் காலத்தில்தான் இது உலகெங்கும் பேசுபொருளானது. ஆனால் அதன் சிக்கல்களும் அவற்றுக்கான பல தீர்வுகளும் இணையத்தை விடப் பழமையானவை.

கரும்பலகை முன் நிற்கும் ஆசிரியருக்கு ஒரு பார்வை போதும். இன்று யார் வரவில்லை, யார் பேச வாயெடுக்கிறார், எந்தப் பிள்ளை விளங்காமல் விழிக்கிறது என்ற மூன்றும் அந்த ஒரே பார்வையில் தெரிந்துவிடும். தொலைவிலிருந்து பாடம் நடத்துபவருக்கு இந்த மூன்றும் பறிபோகின்றன. யார் இருக்கிறார், யார் பேசுவது, யாருக்குப் புரிந்தது என்ற மூன்று கேள்விகளுக்கு விடை தேடியதே இத்துறையின் வரலாறு. முதல் இரண்டுக்கும் பொறியாளர்கள் ஓரளவு விடை கண்டனர். மூன்றாவது கேள்வி இன்றும் ஆசிரியர் தலையில்தான் விழுகிறது.

பாலை நிலத்தில் ஒரு வகுப்பறை

ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதியில் கால்நடைப் பண்ணைகள் ஒன்றுக்கொன்று பல நூறு கிலோமீட்டர் தொலைவில் உள்ளன. அங்கு வாழ்ந்த பிள்ளைகளுக்குப் பக்கத்து வீடு என்று ஒன்றில்லை. பள்ளிப் பாடங்கள் அஞ்சலில் வந்தன. விடை எழுதி அனுப்பினால் திருத்தம் திரும்பி வரப் பல வாரங்கள் ஆயின.

அப்பகுதிக்கு வானொலி முதலில் வந்தது மருத்துவத்துக்காக. 1928இல் பறக்கும் மருத்துவர் சேவை தொடங்கியது. மின்சாரம் இல்லாத பண்ணைகளிலிருந்து மருத்துவரை அழைப்பதற்காக ஆல்பிரட் டிரேகர் என்ற அடிலெய்டு பொறியாளர் 1929இல் மிதி வானொலியை உருவாக்கினார். மிதிவண்டி மிதிப்பது போலக் காலால் மிதித்தால் கருவிக்கு வேண்டிய மின்சாரம் கிடைக்கும். கைகள் இரண்டும் செய்தி அனுப்பத் தயாராக இருக்கும். முதலில் மோர்ஸ் தந்திக் குறிகள் மட்டுமே அதில் சென்றன. பின்னர் மனிதக் குரலும் சென்றது.

அடிலெய்டு மீத்கே என்ற தெற்கு ஆஸ்திரேலியக் கல்வியாளர் பறக்கும் மருத்துவர் சேவையின் குழுவிலும் உறுப்பினராக இருந்தார். உள்நாட்டுப் பிள்ளைகளின் கூச்சம் அவர் கண்ணில் பட்டது. வேறு பிள்ளைகளோடு பழகியே அறியாத அவர்களுக்கு இந்த வானொலியை வகுப்பறையாக்கலாம் என்று அவர் முன்மொழிந்தார். 1951 ஜூன் 8 அன்று ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் வானொலிப் பள்ளி முறையாகத் தொடங்கியது. பதின்மூன்று லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்த பகுதிக்கு அது ஒரே பள்ளி.

தொடக்க ஒலிபரப்புகள் ஒருவழிப் பாதையாக இருந்தன. ஆசிரியர் பேசுவார், பிள்ளைகள் கேட்பார்கள். விரைவிலேயே ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் கேள்வி பதில் நேரம் சேர்க்கப்பட்டது. சிறிய மாற்றமாகத் தோன்றும் இதுதான் ஒலிபரப்பை வகுப்பாக மாற்றியது.

வகுப்பு என்றானதும் ஒழுங்கு தேவைப்பட்டது. அக்காலக் கருவியில் பொத்தானை அழுத்தினால் பேசலாம், விட்டால் கேட்கலாம். இரண்டும் ஒரே நேரத்தில் முடியாது. இருவர் சேர்ந்து அழுத்தினால் இருவர் பேச்சும் கலைந்து இரைச்சலாகும். கை தூக்கினால் ஆசிரியருக்குத் தெரியாது. எனவே ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் அழைப்புக் குறி இருந்தது. ஆசிரியர் அழைப்பார், பிள்ளை பதில் சொல்லி, பேச்சு முடிந்ததற்கு அடையாளமாக "ஓவர்" என்று சொல்லிப் பொத்தானை விடும். வருகைப் பதிவும் பேசும் முறையும் இவ்வாறு ஒன்றாயின. இன்றைய காணொளி வகுப்புகளில் உள்ள "கை உயர்த்து" பொத்தானும் "அனைவரையும் ஒலியடக்கு" பொத்தானும் இந்த ஏற்பாட்டின் நேர் வாரிசுகள் எனலாம்.

புரிதலுக்கு மட்டும் வானொலியில் வழியில்லை. பிள்ளையின் ஏட்டை ஆசிரியர் பார்க்க முடியாது. அதற்கு அந்தப் பள்ளி வேறொரு ஆளை நம்பியது. நாளொன்றுக்குச் சுமார் ஒரு மணி நேரமே ஆசிரியரின் குரலோடு கழியும். மீதி நேரம் தாய், மூத்த உடன்பிறப்பு அல்லது அமர்த்தப்பட்ட வீட்டு ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துப் பாடங்களைச் செய்விப்பார். பள்ளி ஆசிரியர்களும் பயணம் செய்து பண்ணை வீடுகளுக்குச் சென்று வந்தனர். பிள்ளைகள் ஆண்டில் சில நாட்கள் நகரில் ஒன்றுகூடிக் குரலால் மட்டும் அறிந்த தோழர்களின் முகம் பார்த்தனர். இந்தச் செலவுகளை எவரும் ஆடம்பரமாகக் கருதவில்லை. உலகின் மிகப் பெரிய வகுப்பறை என்று புகழப்பட்ட அமைப்பு, தன் வானொலியை மட்டும் நம்பி ஒருநாளும் இயங்கியதில்லை.

கணினி வகுப்பறைகள்

1960இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் டொனால்டு பிட்சர் தலைமையில் பிளாட்டோ என்ற கணினிவழிக் கற்பித்தல் அமைப்பு உருவானது. 1970களில் அது நூற்றுக்கணக்கான முனையங்களை இணைத்தது. 1973இல் டேவிட் வூலி எழுதிய பிளாட்டோ நோட்ஸ் என்ற நிரல், பயனர்கள் குறிப்பு எழுதவும் பிறர் அதன் கீழ் பதில் எழுதவும் இடமளித்தது. அதே காலத்தில் இரு முனையங்களுக்கு இடையே எழுத்தில் உரையாடும் வசதியும் வந்தது. அதில் ஒரு கூறு கவனிக்கத்தக்கது: தடுமாறும் மாணவரின் திரையை ஆசிரியர் தன் முனையத்தில் அப்படியே பார்த்து உதவ முடிந்தது. பக்கத்தில் வந்து தோள்வழியே ஏட்டை எட்டிப் பார்க்கும் பழைய வழக்கத்தின் மின்வடிவம் அது. உதவியும் கண்காணிப்பும் ஒரே பொத்தானில் அடங்கும் என்பது அப்போது எவருக்கும் பெரிய கவலையாக இருக்கவில்லை.

1980களில் நியூ செர்சி தொழில்நுட்பக் கழகத்தில் ராக்சேன் ஹில்ட்சு "மெய்நிகர் வகுப்பறை" என்ற திட்டத்தை நடத்தினார். குறித்த நேரத்தில் எல்லோரும் கூட வேண்டியதில்லை. அவரவர் வசதிப்படி கணினியில் நுழைந்து படித்து எழுதலாம். ஹில்ட்சு சந்தித்த சிக்கல் புதியது. நேர்வகுப்பில் பேசாமல் உட்கார்ந்திருக்கும் மாணவர் குறைந்தது கண்ணுக்குத் தெரிவார். எழுத்து வகுப்பில் எழுதாதவர் இல்லாதவரே. இன்னொன்று, முதலில் எழுதும் ஒருவரின் விடையைப் பார்த்து மற்றவர்கள் ஆமாம் போட்டுவிடுவார்கள். இதற்காக அத்திட்டத்தில், தன் விடையை எழுதிய பிறகே பிறர் விடைகளைக் காணக்கூடிய ஒரு பயிற்சி முறை அமைக்கப்பட்டது. எளிய உத்தி, ஆனால் புரிந்ததா என்ற கேள்வியை நேரடியாகத் தொட்ட முதல் மென்பொருள் உத்திகளில் ஒன்று.

மூடில்

மார்ட்டின் டூகியாமாசு மேற்கு ஆஸ்திரேலியாவின் தொலைதூரப் பாலைக் குடியிருப்பு ஒன்றில் வளர்ந்தவர். அவருடைய தொடக்கக் கல்வி வானொலிப் பள்ளி வழியே நடந்தது. பின்னாளில் பெர்த் நகரின் கர்டின் பல்கலைக்கழகத்தில் வணிக மென்பொருள் ஒன்றைக் கொண்டு இணையப் பாடங்களை நிர்வகித்தார். அது போதாமல் போகவே தாமே ஒரு தளத்தை எழுதத் தொடங்கினார். 2002 ஆகஸ்டு 20 அன்று மூடில் முதல் பதிப்பு வெளியானது. கட்டற்ற மென்பொருளாக வெளியிடப்பட்டதால் எந்தப் பள்ளியும் கட்டணமின்றி நிறுவிக்கொள்ளலாம், தன் மொழிக்கு மாற்றிக்கொள்ளலாம். இன்று உலகில் மிகுதியாகப் பயன்படும் கற்றல் மேலாண்மைத் தளங்களுள் அது ஒன்று.

மூடிலின் நுண்மைகளில் வகுப்பறை அனுபவம் தெரிகிறது. கருத்துக்களத்தில் எழுதிய பதிவைத் திருத்திக்கொள்ள, இயல்பு அமைப்பில் அரைமணி நேரம் அவகாசம் உண்டு. அதன் பிறகே அது மின்னஞ்சலில் பிறருக்குச் செல்லும். அவசரத்தில் எழுதியதை நினைத்து வருந்தும் மாணவருக்கு அது ஒரு மூச்சு விடும் நேரம். கேள்வி பதில் களம் என்ற வகையில், தான் எழுதாமல் பிறர் எழுதியதைப் படிக்க முடியாது. ஹில்ட்சின் பழைய முறையே இங்கு மீண்டும் வருகிறது. மாணவர் எப்போது நுழைந்தார், எதைத் திறந்தார் என்ற பதிவேடும் அதில் இருக்கிறது. திறந்தார் என்பதற்குப் படித்தார் என்று பொருளில்லை. இதை மறந்த நிர்வாகங்கள் பதிவேட்டையே கல்வியாக எண்ணிய கதைகள் பல கல்லூரிகளில் உண்டு.

இதே காலத்தில் உத்திகள் பற்றிய சிந்தனையும் வளர்ந்தது. பிரித்தானியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய கில்லி சால்மன் 2000இல் ஐந்து படிநிலைகள் கொண்ட ஒரு மாதிரியை வெளியிட்டார். முதற்படி, மாணவர் தளத்துக்குள் நுழையவும் ஊக்கம் பெறவும் உதவுவது. இரண்டாம் படி, ஒருவரோடு ஒருவர் பழகச் செய்வது. பாடச் செய்திப் பரிமாற்றம் மூன்றாம் படியில்தான் தொடங்குகிறது. முதல் நாளே பாடத்தைத் திறந்துவிடும் ஆசிரியர் இரண்டு படிகளைத் தாண்டிக் குதிக்கிறார் என்பது அவர் வாதம். அதே ஆண்டில் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேரிசன், ஆண்டர்சன், ஆர்ச்சர் ஆகியோர், எழுத்துவழி வகுப்பிலும் ஆசிரியரின் இருப்பு, தோழமையின் இருப்பு, சிந்தனையின் இருப்பு என மூன்றும் உணரப்பட வேண்டும் என்று எழுதினர். நல்ல கருத்துகள். ஆனால் 2020க்கு முன் இவற்றைப் படித்த பள்ளி ஆசிரியர்கள் மிகக் குறைவு. இவை எல்லாம் பல்கலைக்கழகங்களுக்கு, அதுவும் விரும்பிச் சேர்ந்த வளர்ந்த மாணவர்களுக்கு எழுதப்பட்டவை.

2020: ஒரே வாரத்தில் ஒரு தொழில்மாற்றம்

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. யுனெசுகோ கணக்கின்படி 190க்கும் மேற்பட்ட நாடுகளில் 150 கோடிக்கும் அதிகமான மாணவர்கள் பாதிக்கப்பட்டனர். அலுவலகக் கூட்டங்களுக்காக உருவான சூம் செயலி வகுப்பறையானது. 2019 டிசம்பரில் நாளொன்றுக்கு ஒரு கோடியாக இருந்த அதன் கூட்டப் பங்கேற்பு 2020 ஏப்ரலில் 30 கோடியைத் தொட்டது.

அலுவலகக் கூட்டத்தில் வாயிற்காவல் தேவையில்லை. அழைப்பு பெற்றவர்களே வருவார்கள். வகுப்பின் இணைப்பு முகவரியோ மாணவர்களின் கைமாறி எங்கெங்கோ சென்றது. முன்பின் தெரியாதவர்கள் புகுந்து கூச்சலிட்டனர், ஆபாசப் படங்களைக் காட்டினர். அமெரிக்காவின் மாசச்சூசெட்சில் வகுப்புக்குள் நுழைந்த ஒருவர் வசை பேசி, ஆசிரியரின் வீட்டு முகவரியை உரக்கச் சொன்னதாக மார்ச் 30 அன்று அந்நாட்டுக் கூட்டாட்சிப் புலனாய்வு அமைப்பு எச்சரித்தது. சிங்கப்பூரில் வீட்டுவழிக் கற்றல் தொடங்கிய முதல் நாட்களிலேயே புவியியல் வகுப்பொன்றில் இவ்வாறு நேர்ந்ததால், ஆசிரியர்கள் சூம் பயன்படுத்துவதைக் கல்வி அமைச்சு சில நாட்கள் நிறுத்திவைத்தது.

காத்திருப்பு அறையும் கடவுச்சொல்லும் சூமில் முன்பே இருந்தன. ஆனால் அவற்றைத் தேடி இயக்குவது ஆசிரியரின் பொறுப்பாக விடப்பட்டிருந்தது. ஏப்ரல் 5 முதல் அவை இயல்பாகவே இயங்கும்படி மாற்றப்பட்டன. சில நாட்களில் பாதுகாப்பு அமைப்புகள் எல்லாம் ஒரே பொத்தானுக்குள் கொண்டுவரப்பட்டன. திரையைப் பகிரும் உரிமையை ஆசிரியருக்கு மட்டும் வைத்துக்கொள்வது, பெயர் மாற்றுவதைத் தடுப்பது, எல்லோரும் வந்தபின் வகுப்பைப் பூட்டுவது ஆகியவை உலகெங்கும் ஆசிரியர்களின் அன்றாடப் பழக்கமாயின. யார் இருக்கிறார் என்ற முதல் கேள்வி, யார் இருக்கக் கூடாது என்று தலைகீழாக மாறிய தருணம் அது.

பாடம் நடத்தும் உத்திகளை ஆசிரியர்கள் பெரும்பாலும் தாங்களே கண்டுபிடித்தனர். ஐந்து நிமிடம் முன்னதாக வகுப்பைத் திறந்து பிள்ளைகளைப் பேசவிடுவது ஒன்று. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை பேச்சை நிறுத்திக் கேள்வி கேட்பது இன்னொன்று. "புரிந்ததா?" என்று பொதுவாகக் கேட்டால் மௌனமே பதிலாக வரும், அல்லது வழக்கமான நான்கு பேர் தலையாட்டுவார்கள். மாறாக, எல்லோரும் விடையைத் தட்டச்சு செய்து வைத்திருந்து ஆசிரியர் சொன்னதும் ஒரே நேரத்தில் அனுப்பச் சொன்னால் ஒருவர் மற்றவரைப் பார்த்து எழுத முடியாது. மாணவர்களைச் சிறு குழு அறைகளாகப் பிரிப்பதும் பயன்பட்டது. ஆனால் ஆசிரியர் ஒரு நேரத்தில் ஓர் அறையில்தான் இருக்க முடியும் என்பதால், என்ன செய்ய வேண்டும் என்று எழுதிக் கொடுக்காமல் அனுப்பினால் மற்ற அறைகளில் பேச்சு சினிமாவுக்குப் போய்விடும்.

இருண்ட கட்டங்கள்

சில வாரங்களில் மாணவர்களின் கேமராக்கள் அணையத் தொடங்கின. திரையில் பெயர் எழுதிய கறுப்புக் கட்டங்கள் மட்டும் எஞ்சின. பல பள்ளிகள் கேமரா போட்டே ஆக வேண்டும் என்றன. வருகைப் பதிவுக்கு அது எளிய வழிதான்.

ஆனால் கேமரா பிள்ளையை மட்டும் காட்டுவதில்லை. ஒற்றை அறை வீட்டையும் பின்னால் உடை மாற்றும் பாட்டியையும் பெற்றோரின் சண்டையையும் சேர்த்தே காட்டுகிறது. பள்ளிச் சீருடை மறைத்துவைத்த வேறுபாடுகள் எல்லாம் திரையில் வரிசையாக வந்து நின்றன. கார்னெல் பல்கலைக்கழகத்தில் காசுடெல்லி, சர்வரி இருவரும் நடத்திய ஆய்வில், கேமராவை அணைப்பதற்கு மாணவர்கள் சொன்ன காரணங்களில் தோற்றம் பற்றிய கூச்சம் முதலிடம் பெற்றது. பின்னால் தெரியும் மனிதர்களும் இடமும், வலுவற்ற இணைப்பும் பிற காரணங்கள். 2021 பிப்ரவரியில் சுடான்போர்டு பல்கலைக்கழகத்தின் செரமி பெய்லன்சன், மிக அருகில் பலர் உற்றுநோக்கும் உணர்வு, தன் முகத்தையே நாள்முழுதும் பார்ப்பது, அசைய முடியாமை, கண்ணசைவு தலையசைவுகளை உணர எடுக்கும் கூடுதல் முயற்சி ஆகிய நான்கும் காணொளிச் சோர்வுக்குக் காரணம் என்று விளக்கினார். சோர்வையும் கூச்சத்தையும் ஒழுங்கீனமாக எண்ணித் தண்டித்த வகுப்புகளில் கேமரா எரிந்தது; பிள்ளை அங்கே இல்லை.

தமிழகமும் இலங்கையும்

தமிழ்நாட்டுக்கு இதில் ஒரு முன்னேற்பாடு இருந்தது. 2019 ஆகஸ்டு 26 அன்றே கல்வித் தொலைக்காட்சி தொடங்கப்பட்டிருந்தது. பள்ளிகள் மூடப்பட்டபின் வகுப்பு வாரியாக நேரம் ஒதுக்கிப் பாடங்கள் ஒளிபரப்பாயின. இணையம் இல்லாத வீட்டுக்கும் அது சென்றது பெரிய நன்மை. ஆனால் ஆலிஸ் ஸ்பிரிங்சின் முதல் ஒலிபரப்புகளைப் போல அதுவும் ஒருவழிப் பாதை. கேள்வி பதில் பகுதியை வாட்ஸ்அப் குழுக்கள் ஏற்றன. ஆசிரியர் குரல்பதிவில் விளக்கம் அனுப்புவார். பிள்ளை ஏட்டைப் படமெடுத்து அனுப்பும். ஆசிரியர் இரவு பத்து மணிக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அந்த மங்கலான படத்தைத் திருத்துவார். பாடத்துக்கு நடுவே வந்து குவியும் காலை வணக்கப் படங்களைத் தடுக்க, நிர்வாகி மட்டுமே செய்தி அனுப்பலாம் என்று குழுவைப் பூட்டிவைத்து, சந்தேக நேரத்தில் மட்டும் திறந்துவிடுவது பரவலான உத்தியாக இருந்தது. பொத்தானை அழுத்தினால் பேசலாம் என்ற பாலைவன விதியை அறியாமலே அவர்கள் மீண்டும் கண்டெடுத்தனர்.

இந்தியக் கிராமப்புறங்களில் நடத்தப்பட்ட ஏசர் ஆய்வின்படி, பள்ளியில் சேர்ந்த பிள்ளைகளுள் வீட்டில் திறன்பேசி உள்ளவர்கள் 2018இல் 36.5 விழுக்காடு; 2020இல் 61.8 விழுக்காடு. வீட்டில் இருப்பது வேறு, வகுப்பு நேரத்தில் பிள்ளையின் கையில் இருப்பது வேறு. காலையில் வேலைக்குப் போகும் தந்தையோடு கைப்பேசியும் போய்விடும். அண்ணனுக்கும் தங்கைக்கும் ஒரே நேரத்தில் வகுப்பு இருந்தால் ஒருவர் விட்டுக்கொடுக்க வேண்டும். விட்டுக்கொடுத்தவர் பெரும்பாலும் யார் என்பதை ஊகிப்பது கடினமன்று.

2020 ஜூலையில் நடுவண் அரசு வெளியிட்ட பிரக்யாதா வழிகாட்டு நெறிகள் திரை நேரத்துக்கு வரம்பு விதித்தன. மழலையர்க்கு நாளுக்கு 30 நிமிடத்துக்கு மேல் கூடாது. 1 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு 30 முதல் 45 நிமிடம் கொண்ட இரண்டு அமர்வுகள். 9 முதல் 12 வரை நான்கு அமர்வுகள். காலை ஒன்பது முதல் மாலை நான்கு வரை பள்ளிக்கூட மணியைத் திரைக்கு அப்படியே பெயர்த்த தனியார் பள்ளிகளுக்கு இது தேவைப்பட்டது.

2021 மே மாதத்தில், சென்னைப் பள்ளி ஒன்றின் ஆசிரியர் இணைய வகுப்பிலும் மாணவிகளிடம் தவறாக நடந்ததாகப் புகார்கள் எழுந்தன. இதையடுத்து, இணைய வகுப்புகள் முழுமையாகப் பதிவு செய்யப்பட வேண்டும், பள்ளி நிர்வாகமும் பெற்றோரும் அடங்கிய குழு அவற்றை ஆய்வு செய்ய வேண்டும் என்று தமிழ்நாடு அரசு ஆணையிட்டது. அதுவரை பிள்ளையை நோக்கியிருந்த கேமரா ஆசிரியரையும் நோக்கித் திரும்பியது. பாதுகாப்புக்கு அது வேண்டியதுதான். அதே வேளையில், பதிவாகிறது என்று தெரிந்த வகுப்பில் தவறான விடை சொல்லும் துணிவு பிள்ளைக்கும், பாடத்தை விட்டுக் கதை பேசும் துணிவு ஆசிரியருக்கும் குறைந்தே போகும்.

இலங்கையில் 2021 ஜூலை 12 முதல் ஆசிரியர், அதிபர் சங்கங்கள் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகின. நீண்டகாலச் சம்பள முரண்பாடே மையக் கோரிக்கை. அந்த ஆண்டின் அக்டோபர் வரை போராட்டம் நீடித்தது. தரவுக் கட்டணத்தையும் கருவியின் விலையையும் தம் சட்டைப் பையிலிருந்தே செலுத்திவந்த ஆசிரியர்களிடம் அந்தக் கசப்பும் இருந்தது. கருவிகளைப் பற்றி எழுதப்படும் கையேடுகளில் இந்தச் செலவுக் கணக்கு பெரும்பாலும் இடம்பெறுவதில்லை.

பக்கத்தில் ஓர் ஆள்

பள்ளிகள் படிப்படியாகத் திறக்கத் தொடங்கிய வேளையில், விட்டுப்போன படிப்பை ஈடுசெய்யத் தமிழ்நாடு அரசு இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தைக் கொண்டுவந்தது. 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் அது தொடங்கப்பட்டது. 1 முதல் 8 வரையிலான வகுப்புப் பிள்ளைகளை, அவர்கள் வாழும் தெருவிலேயே ஒரு தன்னார்வலர் மாலை வேளைகளில் உட்காரவைத்துப் படிப்பிப்பது ஏற்பாடு. தன்னார்வலர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். வீட்டுத் திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் சமுதாயக் கூடத்திலும் பாய் விரித்து வகுப்புகள் நடந்தன. ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் பண்ணை வீடுகளில் தாயும் வீட்டு ஆசிரியரும் செய்த வேலையை இங்கே தெருவுக்கு ஒருவர் ஏற்றார்: பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து, ஏட்டைத் தன் பக்கம் திருப்பி, எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்வது.